தாங் காலச் சீனத்தில் அயல்நாட்டு மாணவரும் முறைமைக் கல்வியும்

முன்னுரை

கி.பி. 618 முதல் 907 வரை சீனத்தை ஆண்ட தாங் மரபினரின் தலைநகர் சாங்ஆன் ஆகும். இன்றைய சியான் நகரம் அமைந்துள்ள பகுதியில் விளங்கிய அந்நகருக்கு வணிகரும் தூதரும் துறவியரும் வந்தமை போலவே மாணவரும் வந்தனர். அவர்கள் நூல்களை மட்டும் கற்றுத் திரும்பவில்லை. வணங்குதல், அமர்தல், வாழ்த்துதல், உடுத்துதல், காணிக்கை அளித்தல் ஆகியவற்றுக்குரிய நெறிகளையும் பயின்றனர். சடங்கு, பணிவு, அரசவை ஒழுங்கு, உறவுக்குரிய கடமை ஆகிய அனைத்தையும் சீனர் 'லி' என்னும் ஒரு சொல்லில் அடக்கினர். தமிழில் 'முறைமை' என்பது அதற்கு அணுக்கமான சொல்லாகும். அயல்நாட்டு மாணவர் இம்முறைமையைக் கற்ற வகையையும், தம் நாடுகளில் அது பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்விக்கழகமும் அயல் மாணவரும்

பேரரசர் தைசோங் (626–649) தலைநகரில் இருந்த அரசுக் கல்விக்கழகத்தை விரிவுபடுத்தினார். கொரிய நிலப்பகுதியின் சில்லா, கோகுரியோ, பெக்ஜே ஆகிய அரசுகளும், திபெத்து, காவோசாங் ஆகியனவும் தம் உயர்குடி இளைஞரை அங்கு அனுப்பின. மாணவர் தொகை எண்ணாயிரத்தைக் கடந்தது எனத் தாங் வரலாற்று நூல் கூறுகிறது. பிற்காலத்தில் சில்லா மாணவரே மிகுதியாயினர். 837இல் அவர்கள் 216 பேர் இருந்தனர். உணவையும் உடையையும் தாங் அரசு வழங்கியது. நூல் வாங்கும் பொருளைச் சில்லா அரசு தந்தது. கல்விக்குரிய காலம் பத்தாண்டு என்பது வழக்கு. காலம் முடிந்த மாணவர் உள்ளிட்ட 105 பேர் 840இல் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

ஆசிரியர்க்குரிய காணிக்கை

கல்விக்கழகத்தில் சேரும் மாணவர் முதற்கண் கற்கவேண்டியது ஆசிரியரை அடையும் முறையாகும். பட்டு, மது, உலர்ந்த இறைச்சி ஆகியவற்றைப் படைத்து வணங்கிய பின்னரே மாணவர் பாடம் கேட்கத் தொடங்கினர். கன்பூசியசு காலத்திலேயே உலர் இறைச்சிக் கட்டு ஆசிரியர்க்குரிய காணிக்கையாகக் கருதப்பட்டது.

717இல் சாங்ஆன் வந்த சப்பானியக் குழுவினர் தமக்குச் செவ்வியல் நூல்களைக் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை வேண்டினர். சாவ் சுவான்மோ என்பார் அப்பணிக்கு அமர்த்தப்பட்டார். குழுவினர் அவருக்கு அகன்ற துணியைக் காணிக்கையாக அளித்தனர். பொருள் மாறினும் முறை மாறவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. தாங் அரசிடம் தாம் பெற்ற பரிசுப் பொருள் முழுவதையும் நூல் வாங்கச் செலவிட்டு அவர்கள் கடலேறினர் என்றும் சீன வரலாற்று நூல் பதிவு செய்கிறது.

மகிபியும் நகமாரோவும்

அக்குழுவில் வந்த மாணவருள் இருவர் வரலாற்றில் இடம்பெற்றவர். கிபி நோ மகிபி (695–775) ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் பயின்று திரும்பினார். 735இல் தம் அரசரிடம் அவர் அளித்தவற்றுள் 130 சுருள்கள் கொண்ட தாங் முறைமை நூல் முதன்மையானது. நாட்காட்டி நூல்கள், நிழல் அளக்கும் இரும்புக் கோல், சுருதி காட்டும் செப்புக் குழல்கள், இசைநூல் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். காலமும் இசையும் சடங்கும் ஒன்றோடொன்று இயைந்தவை என அவர் உணர்ந்திருந்தமையை இத்தொகுப்பு காட்டுகிறது. கன்பூசியசுக்குரிய வழிபாட்டுச் சடங்கைச் சப்பானில் செம்மைப்படுத்தியவரும் அவரே.

அபே நோ நகமாரோவின் (698–770) வாழ்வு வேறு வகையில் அமைந்தது. அவர் சாவ் ஹெங் என்னும் சீனப் பெயர் ஏற்று அரசுப் பணியில் உயர்ந்தார். வாங் வெய், லி பாய் ஆகிய கவிஞர்களின் நட்பைப் பெற்றார். 753இல் தாயகம் திரும்ப முயன்றபோது புயல் அவர் கலத்தை அன்னாம் பகுதிக்கு ஒதுக்கியது. அவர் இறந்தார் எனக் கருதி லி பாய் இரங்கற்பா இயற்றினார். மீண்டும் சாங்ஆன் சேர்ந்த நகமாரோ தாயகம் காணாமலே மறைந்தார். முறைமையை முற்றக் கற்றவர் அயலவராகவே இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அவர் சான்றாவார்.

இருக்கையும் மதிப்பும்

முறைமை என்பது பணிவு மட்டுமன்று. நாடுகளின் மதிப்பை அளக்கும் கோலும் ஆகும். 753ஆம் ஆண்டுப் புத்தாண்டு அவையில் சில்லாவுக்குக் கீழான இடம் தமக்கு அளிக்கப்பட்டதெனச் சப்பானியத் துணைத்தூதர் மறுப்புரைத்து, இருக்கையை மாற்றச் செய்தார் என்று சப்பானிய வரலாற்று நூல் கூறும். இந்நிகழ்ச்சியை ஐயுறும் அறிஞரும் உளர். எனினும் வரிசை முறையின் பொருளை வந்தவர் நன்கறிந்திருந்தனர் என்பது தெளிவு.

எனினின் நாட்குறிப்பு

அரசவைக்கு வெளியே வழங்கிய பழக்கங்களை அறியத் துணைபுரிவது சப்பானியத் துறவி எனின் எழுதிய நாட்குறிப்பாகும். 838 முதல் 847 வரை அவர் சீனத்தில் தங்கினார். 838இல் யாங்சௌ நகரில் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளன்று துறவியரும் இல்லறத்தாரும் ஒருவரையொருவர் வாழ்த்தியதை அவர் குறிக்கிறார். அதிகாரிக்கு ஒரு வாழ்த்து, துறவிக்கு வேறொரு வாழ்த்து என அவரவர்க்கு உரிய தொடர்களையும் எழுதி வைத்துள்ளார். மொழியறிவு மட்டும் போதாது, யாரிடம் எதைச் சொல்வது என்பதும் கற்கத்தக்கது என அவர் கருதியமை இதனால் புலனாகும். இதற்கு முன்னரே, ஏழாம் நூற்றாண்டில், நாளந்தாவில் பயின்ற சீனத் துறவி இ-சிங், இந்தியத் துறவியரின் அன்றாட ஒழுக்கத்தை இவ்வாறே பதிவு செய்தார் என்பது ஒப்பிடத்தக்கது.

கற்றதும் கொண்டதும்

சில்லாவின் கிம் சுஞ்சு 648இல் தாங் அவைக்கு வந்து, கல்விக்கழகச் சடங்கையும் விரிவுரையையும் காண இசைவு பெற்றார். மறு ஆண்டிலேயே சில்லா தாங் அவையுடையை ஏற்றது. சப்பானும் 818இல் அவைச் சடங்குகளைத் தாங் முறைப்படி அமைத்தது. ஆயின் இரு நாடுகளும் அனைத்தையும் ஏற்றன அல்ல. பிறப்பால் வரும் உயர்வைக் கல்வியால் விஞ்சும் வாய்ப்பை இரண்டுமே அளவாகவே அனுமதித்தன.

சொய் சிவோன் (பிறப்பு 857) வரலாறு இதனை நன்கு விளக்கும். பன்னிரண்டு வயதில், 868இல், சீனம் சென்ற அவர் 874இல் அரசுத் தேர்வில் வென்றார். தாங் அரசில் பணியாற்றி 885இல் திரும்பினார். 894இல் சில்லா அரசிக்குப் பத்துக்கு மேற்பட்ட சீர்திருத்தக் கருத்துகளை அளித்தார். குலத்தரத்தால் பதவிகளை வரையறுத்த சில்லாவில் அவை நடைமுறைக்கு வரவில்லை. அவர் பதவி துறந்து மலைவாழ்வை நாடினார்.

முடிவுரை

தாங் சீனம் அயல் மாணவர்க்கு முறைமையைத் திறந்த மனத்துடன் கற்பித்தது. மாணவரும் அதனை ஊன்றிக் கற்றனர். ஆனால் உடையும் வணக்கமும் இருக்கை வரிசையும் எளிதில் கடல் கடந்தன. தகுதியால் மனிதரை மதிக்கும் கோட்பாடு அவ்வளவு எளிதில் கடக்கவில்லை. எதனை ஏற்பது என்பதைக் கற்றவர் அன்றி, அவரை அனுப்பிய சமூகமே முடிவு செய்தது என்பது இவ்வாய்வால் பெறப்படும் கருத்தாகும்.