சென்னையில் வேரூன்றிய சாரணர் இயக்கம்

'சாரணர்' என்னும் சொல் சமண மரபினர்க்குப் புதியதன்று. சிலப்பதிகார நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் திருவரங்கச் சோலையில் கண்டு வணங்கிய சாரணர், வான்வழி இயங்கும் ஆற்றல் பெற்ற அறவோர் ஆவர். ஒற்றர் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இளைஞர் தொண்டியக்கம் ஒன்று தமிழில் இப்பெயரைத் தாங்கியது. அவ்வியக்கம் இந்தியச் சிறுவர்க்கும் உரியதாகிய வரலாற்றில் சென்னை நகருக்குச் சிறப்பிடம் உண்டு.

ஆங்கிலப் படைத்தலைவர் பேடன் பவல் 1907-ஆம் ஆண்டு பிரௌன்சீ தீவில் சிறுவர்க்கெனப் பாசறை ஒன்றை நடத்தினார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூலால் இயக்கம் பல நாடுகளிலும் பரவிற்று. 1909-இல் அது பெங்களூரை எட்டியது. ஆயினும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே அதில் இடம் தரப்பட்டது. மண்ணின் மைந்தர்க்கு வாயில் அடைபட்டிருந்தது.

அவ்வாயில் திறக்குமெனக் காத்திராமல், 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் ஜி. எஸ். அருண்டேலின் துணையுடன், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அவர் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அவருடைய சாரணர் தொப்பிக்கு மாறாகத் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். வடபுலத்தில் மாளவியா, குன்ஸ்ரு முதலியோரின் முயற்சியால் சேவா சமிதிச் சாரணர் சங்கம் எழுந்தது.

1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது, பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய அமைப்புடன் இணைந்தது. மறுக்கப்பட்ட உரிமை ஐந்தே ஆண்டுகளில் கைவந்தது. விடுதலைக்குப் பின், தனித்தனியே இயங்கிய சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் சாரணியர் இயக்கமாக ஒன்றுபட்டன. மறு ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சாரணியர் அமைப்பும் அதனுடன் சேர்ந்தது.

சிறு சிறு அணிகளாகப் பிரிந்து, தம்முள் ஒருவனையே தலைவனாக ஏற்று, முடிச்சிடுதல், முதலுதவி, வரைபடம் பார்த்தல், பாசறையில் சமைத்தல் ஆகியவற்றைப் பழகுவதே சாரணர் பயிற்சியின் அடிப்படை. திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும், முதியோர்க்கு வழிகாட்டுவதும், தண்ணீர் வழங்குவதும் அப்பயிற்சியின் பயன்கள். தேர்ச்சி பெற்றோர் ஆளுநரிடம் ராஜ்ய புரஸ்கார் விருதும், குடியரசுத் தலைவரிடம் உயரிய விருதும் பெறும் தகுதி அடைகின்றனர்.

விருதினும் பெரிது ஒன்றுண்டு. தேசூர், ஆரணி வட்டாரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் வணிகர் வீட்டுப் பிள்ளையும் உழவர் வீட்டுப் பிள்ளையும் இன்று ஒரே சீருடையில் ஒரே அணியில் நிற்க இயலும். பிறப்பு நோக்கி ஒரு காலத்தில் அடைக்கப்பட்ட வாயில் இது. அதனைத் திறந்தோரை நினைவுகூர்வதும், பிள்ளைகளை அதனுள் அனுப்புவதும் பெரியோர் கடன்.