தேனி மாவட்டத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்விப் பணி

தென் தமிழகத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வி பாளையங்கோட்டையில் வேரூன்றியது. பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மிஷன் பள்ளிகள் எழுந்தன. இரண்டும் விடுதிப் பள்ளிகள். இன்றைய தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள குழந்தை படிக்க வேண்டுமானால் வீட்டை விட்டு வெகுதூரம் போயாக வேண்டும். போக முடியாத குழந்தை வீட்டோடு இருந்தது.

சாதாரணப் பள்ளியிலேயே இக்குழந்தைகளைச் சேர்க்கும் திட்டத்தை மத்திய அரசு 1974-இல் கொண்டுவந்தது. 1995-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் மத்தியச் சட்டம் நிறைவேறி, 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்தது. அதற்கு அடுத்த ஆண்டே மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் இக்குழந்தைகளின் கல்வியையும் உள்ளடக்கி 1990-களில் தமிழகத்தின் சில மாவட்டங்களுக்கு வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தில் தேனி இடம்பெறவில்லை. ஆகவே ஒன்றியந்தோறும் ஆள் போட்டு இப்பணியைச் செய்யும் ஏற்பாடு, 2001-க்குப் பின் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாகவே வந்தது. குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை செலவிட அவ்வியக்கம் இடமளித்தது. தொடக்கத்தில் தொண்டு நிறுவனங்களும் இப்பணியில் துணை நின்றன.

மாவட்டத்தின் எட்டு ஒன்றியங்களிலும் வட்டார வள மையங்களே இப்பணிக்கு அச்சாணி. சிறப்பாசிரியர் பள்ளிகளுக்கு நேரில் செல்கிறார். இயன்முறை மருத்துவர் குறித்த நாளில் மையத்துக்கு வருகிறார். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தனி நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, இறுகிய முழங்காலை மெல்ல நீட்டி மடக்கிக் காட்டுகிறார். அதைப் பார்த்துப் பழகும் தாய், அடுத்த வருகை வரை வீட்டில் தானே செய்ய வேண்டும். ஏலத்தோட்ட வேலைக்காக விடியும் முன் ஜீப்பேறி இடுக்கி மலைக்குப் போகும் குடும்பங்களில் இந்தப் பொறுப்பு பாட்டியிடம் வருகிறது. மேகமலை, குரங்கணி போன்ற மலையூர்களுக்குச் சென்று திரும்பவே ஆசிரியருக்கு ஒரு நாளின் பெரும்பகுதி கரைந்துவிடும். ஊழியர் தேவையைக் குழந்தைகளின் தலைக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்வது இத்தகைய மாவட்டத்துக்குப் பொருந்தாது.

க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியதால் சிறப்பு மருத்துவர்கள் மாவட்டத்துக்குள்ளேயே கிடைத்தனர். 2012-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, கடும் குறைபாடுள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைப் பெற்றது. 2016-இன் புதிய சட்டம் குறைபாட்டு வகைகளை 7-இலிருந்து 21-ஆக உயர்த்தியது. 2018-இல் வந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் குழந்தை ஒன்றுக்கான ஆண்டு உதவியை 3,500 ரூபாயாக்கியது.

உரிமைகள் இப்படிச் சட்டமாக உறுதிப்பட்டபோதும், அவற்றை நிறைவேற்றும் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்திலேயே தொடர்ந்தனர். திட்ட நிதி தாமதமானால் அவர்களின் சம்பளமும் தாமதமாகும். இது நாடு முழுதும் உள்ள குறை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாதாரணப் பள்ளிகளுக்கான சிறப்பாசிரியர் விகிதத்தை மத்திய அரசு அறிவிக்க வேண்டும் என்றது. அதற்கான நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கவும் உத்தரவிட்டது. அதன்பின் 2022-இல் மத்திய அரசு, தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை அறிவித்தது. குழந்தையின் உரிமை நிரந்தரமானது. அதை நிறைவேற்றும் பணியிடமும் நிரந்தரமாக இருப்பதே நியாயம்.