ஜப்பான் தெருவும் சந்தாக் கணக்கும்

பினாங்கு ஜார்ஜ் டவுனிலுள்ள சிந்த்ரா வீதியைச் சீனர்கள் ‘ஜப்பான் தெரு’ என்று அழைத்து வந்தனர். வறுமையினால் கப்பலேற்றப்பட்ட ஜப்பானிய இளம்பெண்கள் அங்குள்ள விபசார விடுதிகளில் இருந்தமையே அதற்குக் காரணமாகும். அவர்களது சம்பாத்தியம் கப்பற்செலவு, உடை, உணவு என்னும் கடன் கணக்கிலேயே கரைந்துபோயிற்று. 1920-ம் வருஷத்தில் ஜப்பானியத் தூதரகமே அவ்விடுதிகளை மூடச் செய்தது. 1930-ல் ஆங்கில அரசாங்கம் எஞ்சிய விடுதிகளையும் ஒழிக்கச் சட்டஞ் செய்தது.

விடுதி மூடியதும் வியாபாரம் ஒழிந்ததா? இல்லை. 2016-ல் லண்டனில் தோன்றிய ‘ஒன்லிஃபேன்ஸ்’ என்னும் இணையதளம், தன் அறையிலிருந்தே தன் படத்தை மாதச் சந்தாவுக்கு விற்கும் வழியை எவர்க்கும் திறந்துவிட்டது. வசூலில் நூற்றுக்கு 80 விற்பவருக்கு; 20 கம்பெனிக்கு. கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இம்மாறுதலை அற்பமென்று தள்ளோம். முன்பு கடனே மிஞ்சிய கையில் இன்று பணம் மிஞ்சக்கூடும்.

ஆயினும் அதிகாரம் அக்கைக்கு வந்துவிடவில்லை. 2021 ஆகஸ்டில், பாங்கிகளின் நெருக்கடியைக் காரணங்காட்டி, அப்பட்டமான காமப்படங்களை விலக்கப்போவதாக அக்கம்பெனி அறிவித்தது; சில நாட்களில் அவ்வறிவிப்பைக் கைவிட்டது. அதுவரை பலரின் ஜீவனம் அந்தரத்தில் தொங்கிற்று. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 292-ம் பிரிவோ, ஆபாசப் படம் விற்பவருக்கு 3 வருஷம் வரை சிறை விதிக்கிறது. பங்கு பெறும் கம்பெனி கடலுக்கப்பால் நிற்க, பழி மட்டும் பெண்ணின் வாசலில் வந்து நிற்கிறது.

தோழர்களே! அன்று அத்தெருவைக் கண்டு முகஞ்சுளித்தோர், அப்பெண்களைக் கப்பலேற்றிய வறுமையைக் குறித்துக் கேட்டாரில்லை. நாமேனும் பழிக்குமுன், தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் பெண்களுக்குக் கல்வியும் நியாயமான கூலியும் அளித்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.