'ஐ ஆம் நோயிங்' எப்படித் தப்பாச்சு?

பள்ளிக்கூடத்தில் நம்மில் பலருக்கும் ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். நோ, லவ், வான்ட், பிலாங், அண்டர்ஸ்டாண்ட்... இவை ஸ்டேட்டிவ் வெர்ப், அதாவது செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் வினை, இவற்றோடு '-இங்' சேர்க்கக்கூடாது என்று. ஏன் சார் கூடாது என்று கேட்டால், ரூல் அப்படி என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் இது ரூலாகப் பிறந்ததே இல்லை. ஆங்கிலத்தில் '-இங்' பல நூறு வருஷமாக மெல்ல மெல்லப் பரவியது. அது எட்டாமல் விட்ட இடத்துக்குத்தான் பின்னால் வந்தவர்கள் வேலி போட்டார்கள்.

1600 வாக்கில் எழுதப்பட்ட ஹாம்லெட் நாடகத்தில் ஒரு காட்சி. கையில் புத்தகத்தோடு வரும் ஹாம்லெட்டிடம், என்ன படிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் கேட்கிறான். கண் முன்னால் நடக்கிற படிப்புதான், ஆனாலும் அந்தக் கேள்வியில் '-இங்' கிடையாது. ஷேக்ஸ்பியருக்கு அந்த வடிவம் தெரியாமல் இல்லை, வேறு இடங்களில் எழுதியிருக்கிறார். அன்றைக்கு அது விருப்பம், கட்டாயம் அல்ல.

இது நமக்குப் புதுசே இல்லை. "என்ன படிக்கிறீங்க?" என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் கேட்டால், கையில் இருக்கிற புத்தகத்தையும் சொல்லலாம், காலேஜில் எடுத்திருக்கிற பாடத்தையும் சொல்லலாம். 'படிச்சிட்டிருக்கேன்' என்றும் நம்மிடம் உண்டு, வேண்டும்போது சேர்த்துக்கொள்கிறோம். நிகழ்காலத்தைப் பொறுத்தவரை ஷேக்ஸ்பியரின் ஆங்கிலம் இன்றைய ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் கிட்ட இருக்கிறது!

அடுத்த இருநூறு, முந்நூறு வருஷத்தில் அந்த விருப்பம் கட்டாயமானது. இப்போது நடந்துகொண்டிருக்கிற செயல் என்றால் '-இங்' வேண்டும் என்றாகிவிட்டது. '-இங்' இல்லாத பழைய வடிவத்துக்குப் பழக்கங்கள், பொது உண்மைகள், நிலைகள் ஆகியவைதான் பெரும்பாலும் மிஞ்சின. ஆக 'ஐ நோ' விதிவிலக்கு அல்ல, பழைய ஆங்கிலம் அங்கே மட்டும் அப்படியே நிற்கிறது.

எல்லை போன ஒவ்வொரு அடிக்கும் சண்டை நடந்திருக்கிறது. 'வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்பதற்கு 18ஆம் நூற்றாண்டில் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பதுதான் வழக்கம். 'இஸ் பீயிங் பில்ட்' புதுசு. கவிஞர் ராபர்ட் சதே 1795இல் ஒரு கடிதத்தில், பல் பிடுங்கப்படுகிற ஒருவனைப் பற்றி எழுதும்போது அந்த வடிவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். முக்கால் நூற்றாண்டு கழித்து, 1870இல்கூட ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் என்ற அமெரிக்கர் தன் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே ஒதுக்கி இதைத் திட்டியிருக்கிறார். இன்றைக்கு இது இல்லாமல் ஒரு செய்தித்தாள் வராது.

இன்னும் சுவாரசியம் 'பி' என்ற வினை. நிலையைச் சொல்ல அதைவிடப் பெரிய வினை ஏது? அதற்கே '-இங்' வந்துவிட்டது. கவிஞர் கீட்ஸ் 1819 ஜூலையில் எழுதிய ஒரு கடிதத்தில், தான் சுறுசுறுப்பாக 'இருந்துகொண்டிருப்பதாக' எழுதுகிறார். 'ஹி இஸ் ரூட்' என்றால் அவன் சுபாவமே அப்படி. 'ஹி இஸ் பீயிங் ரூட்' என்றால் இப்போது முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறான், அவ்வளவுதான்.

அப்படியானால் நோ என்ற வினை மட்டும் ஏன் அசையவில்லை? அரிஸ்டாட்டில் காலத்திலேயே இதற்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. வீடு கட்டிக்கொண்டிருப்பவன் இன்னும் வீட்டைக் கட்டிமுடிக்கவில்லை. ஆனால் பார்க்கிறவன் அப்போதே பார்த்தும் விட்டான். 1957இல் ஜெனோ வெண்ட்லர் என்ற தத்துவவாதி ஆங்கில வினைகளை நான்காகப் பிரித்தார்: நிலை, செயல்பாடு, முடிவு நோக்கிப் போகும் செயல், நொடியில் நடந்து முடிவது. நிலைக்குத் தொடக்கம், நடு, கடைசி என்ற கட்டங்கள் கிடையாது. '-இங்' நடுவில் நிற்பதைச் சொல்கிற வடிவம். நடுவே இல்லாத இடத்தில் அது எங்கே நிற்கும்?

அதனால் பட்டியலை உருப்போடுவதைவிடப் பொருளைப் பார்ப்பது நல்லது. 'ஐ ஹேவ் எ கார்' உடைமை, '-இங்' வராது. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சாப்பாடு, வரும். 'ஐ திங்க்' என் கருத்து, 'ஐ ஆம் திங்கிங்' யோசிச்சிட்டிருக்கேன். வினை ஒன்றுதான்.

இந்தியர்கள் '-இங்' அதிகமாகப் போடுகிறார்கள் என்ற கேலி பழசு. நிசிம் எசேக்கியேலின் மிஸ் புஷ்பா கவிதை முழுக்க அதுதான். தாய்மொழியிலிருந்து மொழிபெயர்க்கிறோம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. 'எனக்குப் புரியல' என்பது 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்' ஆவது புரிகிறது. நம் நிகழ்காலம் இரண்டு பக்கமும் போகும், ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தாக வேண்டும், கை தவறிவிடுகிறது. அதே தவறின் இன்னொரு பக்கத்தை மெக்டொனால்ட்ஸ் 2003இல் உலகம் முழுக்க விளம்பர வாசகமாக ஓட்டியது, 'ஐ ஆம் லவ்வின் இட்'. அதைத் திருத்தச் சொல்லி யாரும் சிவப்பு மை எடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'ஐ ஆம் நோயிங்' தமிழிலிருந்து வந்திருக்க முடியாது. நாம் சொல்வது 'தெரியும்'. பிடிக்கும், வேண்டும், போதும், முடியும் எல்லாம் இதே வரிசை. எதிர்கால வடிவம், ஆனால் இப்போதைய நிலை, முன்னால் பெரும்பாலும் 'எனக்கு'. நிலை வினைக்கென்று தனிப் பாதையே நம்மிடம் இருக்கிறது. 'அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்று யாராவது சொன்னால், இப்போதுதான் பழக ஆரம்பித்திருக்கிறார் என்றுதான் நமக்குக் கேட்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'கெட்டிங் டு நோ' என்பார்கள், அங்கே மட்டும் '-இங்' தாராளமாக வரும்.