தீயணைப்பு பம்ப்புக்கான டீசல் தொட்டி: அமைவிடம்

தீ மூண்டதும் பெரும்பாலும் மின் இணைப்பு துண்டிக்கப்படும். பிறகு தண்ணீருக்கு டீசல் என்ஜின் பம்ப்தான் கதி. 2020 பிப்ரவரி 29 அன்று சென்னை மாதவரம் ரசாயனக் கிடங்கில் பற்றியது போன்ற பெருந்தீ மணிக்கணக்கில் எரியும். ஆகவே தொட்டியின் கொள்ளளவு முக்கியம்: அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 20 தரவிதி அதை, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு அமெரிக்க கேலன், அதற்கு மேல் 10 சதவீதம் என்று கணக்கிடுகிறது. 100 குதிரைத்திறன் என்ஜினுக்குச் சுமார் 416 லிட்டர்.

தொட்டியை பம்ப் அறையில் என்ஜினுக்கு அருகே, இரும்புத் தாங்கியின் மேல் வைப்பதே நல்லது. டீசல் வெளியேறும் வாய், என்ஜினின் ஃபீட் பம்ப்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. தாழ்ந்தால் டீசலை உறிஞ்சி இழுக்க வேண்டும். எங்கோ ஒரு தளர்ந்த இணைப்பு வழியே காற்று புகுந்தால் போதும், 'ஏர் லாக்' ஆகி என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அளவுக்கு மீறி உயர்த்தினாலும் ஆபத்து: நிறைந்த தொட்டியின் அழுத்தம் ஃபீட் பம்ப்பின் வரம்பைத் தாண்டும்.

இந்தியத் தரப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. மாதவரத்துக் கோடை வெயில் அதைத் தாண்டும். ஆகவே வெயில் படாத இடம் வேண்டும். சைலன்சருக்கு மேலே தொட்டி கூடவே கூடாது. கசிவைத் தாங்க அடியில் தடுப்புச்சுவர் வேண்டும். துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிவதால் ஜி.ஐ. குழாய் ஆகாது. காற்றுப்போக்கிக் குழாய் அறைக்கு வெளியே, 2015இல் சென்னையில் வந்தது போன்ற வெள்ளம் எட்டாத உயரத்தில் திறக்க வேண்டும்.