உடனடி மொழிபெயர்ப்பு ஒலியமைப்பு

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பேச்சை வேற்று மொழியில் அவையோர் காதுக்குக் கொண்டுசேர்க்கும் கருவித் தொகுதி. ஒலி புகாத சிற்றறை, மொழிபெயர்ப்பாளரின் மைக், மொழித் தடங்களைப் பிரிக்கும் மேசைக்கருவி, அலைபரப்பி, காதொலிப்பான் ஆகியவை இதன் உறுப்புகள். பேச்சாளர் நிறுத்தியபின் பெயர்த்துச் சொல்லும் முறை இதனின்று வேறானது. இக்கட்டுரை மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தையும் வட சிலாங்கூர் தோட்டங்களையும் முதன்மையாகக் கொண்டது.

முன்வரலாறு

தோட்டங்களில் கருவிக்கு முன்பு கிராணி (எழுத்தர்) இருந்தார். விடியுமுன் தொழிலாளர் வருகைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை (தோட்ட மேலாளர்) சொன்னதை அவர் தமிழில் சொல்வார். தொழிலாளர் முறையீட்டை ஆங்கிலத்தில் சொல்வார். சொல்லாமல் விட்டவை எத்தனை என்பதற்குப் பதிவேடு இல்லை. துரைமாரும் ஓரளவு தமிழ் கற்றனர். 1919-இல் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கம் அவர்களுக்குத் தமிழ்த் தேர்வுகள் நடத்தியது. அதற்கும் முன்பே இலங்கையில் சின்னத்துரைகளுக்கென (துணை மேலாளர்களுக்கென) ஒரு தமிழ்க் கையேடு வெளிவந்திருந்தது. அதன் பெயர் 'இங்கே வா'.

பத்தாங் பெர்ஜுந்தையை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனையை வணிகப் பயிராக நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே. இத்துரையும் மலாயோடு தமிழும் கற்றவர் என்பர். மலாயா வாழ்வைக் களமாகக் கொண்ட அவருடைய நாவல் 1930-இல் கொன்கூர் பரிசு பெற்றது. 

கருவியின் தோற்றம்

அமெரிக்க வணிகர் எட்வர்ட் ஃபைலீனின் யோசனையில் உருவான தொலைபேசி வகைக் கருவி 1927-இல் ஜெனீவாவில் அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டில் பயன்பட்டது. 1928-இல் மாஸ்கோவில் கூடிய கம்யூனிஸ்ட் அகிலத்தின் மாநாட்டிலும் இத்தகைய கருவி இருந்தது. முதன்மை எதற்கு என்பதில் ஆய்வாளர் ஒருமித்துச் சொல்வதில்லை. 1945 நவம்பரில் தொடங்கிய, நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பெர்க் விசாரணையில் ஐபிஎம் நிறுவனம் கருவிகளை இலவசமாக வழங்கியது. மூல ஒலிக்கு ஒன்றும் நான்கு மொழிகளுக்கு நான்குமாக ஐந்து தடங்கள் இருந்தன. மஞ்சள் விளக்கு எரிந்தால் பேச்சாளர் வேகம் குறைக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். தோட்டத்துக் கிராணிக்கு அப்படி ஒரு விளக்கு வாய்த்ததில்லை. 1947-இல் ஐ.நா. பொதுச்சபை இம்முறையை நிலையான சேவையாக்கியது.

நடமாடும் வண்டிகள், 1946–1960

1946-இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தொடங்கியது. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் தகவல் துறையின் வண்டிகள் தோட்டங்களுக்கும், மக்களை மறுகுடியேற்றிய புதுக்கிராமங்களுக்கும் அடிக்கடி வந்தன. தோட்டத் தொழிலாளரின் லயங்கள் (வரிசை வீடுகள்) பல இடங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்ட காலம் அது. வண்டியில் படமெறிகருவி, திரை, மின்னாக்கி, ஒலிபெருக்கி இருக்கும். இருட்டியதும் திடலில் திரை கட்டுவார்கள். திரைப்படப் பிரிவின் படங்கள் பல மொழி வருணனையோடு தயாரிக்கப்பட்டன. ஊருக்கேற்ற மொழிப் படி இல்லாதபோது படத்தின் ஒலியைத் தாழ்த்திவிட்டு, களப் பணியாளர் மைக்கைப் பிடித்து, ஓடும் படத்துக்குத் தாமே தமிழிலோ மலாயிலோ சீன வழக்குகளிலோ வருணனை சொல்வார். காதொலிப்பான் இல்லை, கூட்டம் முழுவதும் ஒரே மொழியைத்தான் கேட்டது. ஆகவே இதை முழுப்பொருளில் உடனடி மொழிபெயர்ப்பு எனச் சொல்லிவிட முடியாது. என்றாலும் கண்முன் ஓடுவதற்கு ஈடுகொடுத்து நாக்கு ஓடவேண்டிய வேலை இரண்டுக்கும் பொது.

1950-இல் அவசரகாலத் தகவல் பணிக்குப் பொறுப்பேற்ற ஹியூ கார்ல்டன் கிரீன் பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநரானார். ஒலிபெருக்கி பூட்டிய விமானங்கள் காட்டுக்கு மேல் பறந்து, அங்கிருந்த கிளர்ச்சியாளரைச் சரணடையச் சொல்லி அறிவித்தன. மலாயா வானொலி நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. ஊர்ப்பொதுவில் வைத்துக் கேட்கும் பெட்டிகளும் வழங்கப்பட்டன. அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது.

அவைகளில்

மலாயா அரசியல் சட்டத்தின் 152-ஆம் பிரிவு, விடுதலைக்குப்பின் பத்தாண்டுகளுக்கு நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தையும் அனுமதித்தது. தமிழுக்கு அங்கே தடம் இல்லை. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் மலாய், மாண்டரின், ஆங்கிலத்தோடு தமிழிலும் பேசலாம்; உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. இந்திய மக்களவையில் இச்சேவை 1964 செப்டம்பர் 7-இல் இந்தி, ஆங்கிலத்துக்குத் தொடங்கியது.

அமைக்கும் முறை

ஒரு சிற்றறையில் இருவர் அமர்ந்து, ஏறத்தாழ அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வர். அறையிலிருந்து மேடை தெரிய வேண்டும். தமிழிலிருந்து நேரே மாண்டரினுக்குப் பெயர்ப்பவர் கிடைக்காவிடில் இடையில் மலாயையோ ஆங்கிலத்தையோ வைப்பர். இடைமொழியில் நேர்ந்த பிழை அடுத்த தடத்திலும் தொடரும். ஒலியைக் காதொலிப்பான்களுக்குப் பரப்பும் அகச்சிவப்புக் கதிர் சுவரைத் தாண்டாது என்பதால் மூடிய மண்டபத்துக்கும் மறைவான கூட்டத்துக்கும் ஏற்றது. வெயில் அதைக் கெடுக்கும். தோட்டத் திடலில் போடும் கூடாரத்துக்கு வானொலி அலையே வசதி. ஆனால் அதன் பேச்சு கூடாரத்துக்கு வெளியிலும் கேட்கும்.

அண்மைக்காலம்

பன்மொழி மேடைகளில் மொழியை வரிசைப்படுத்துவதே இன்றும் பெருவழக்கு. 2007 ஏப்ரல் 28-இல் இவ்வட்டாரத்தில் நடந்த ஈஜோக் இடைத்தேர்தலின் பரப்புரையிலும் பேச்சாளர் மாறும்போது மொழியும் மாறியது. காணொளிக் கூட்டச் செயலிகள் இப்போது மொழித் தடங்களைத் தாமே தருகின்றன. தோட்டங்களில் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர் மிகுந்துள்ளனர். பெரட்டில் அவர்களுக்குப் பெயர்த்துச் சொல்பவர் பல இடங்களில் முன்னதாக வந்த சக தொழிலாளரே.