தண்டூன்றிய முதுமையும் தோட்டத்துத் தனிமையும்

தொடித்தலை விழுத்தண்டினார் தம் பாட்டின் தொடராலேயே பெயர் பெற்ற புலவர். பூண் செறிந்த கோலை ஊன்றி, இருமலுக்கிடையே சில சொல்லே பேசவல்ல முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குவது புறநானூற்று 243-ஆம் பாட்டின் பொருள். கையறுநிலை என்று துறை கூறி ஆசிரியர் பலரும் மேற்செல்வர். ஆயின், அம்முதியவர் இழந்தவை இரண்டு என்பது நோக்கத்தக்கது. மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்த உடல்வலி ஒன்று. உடன் ஆடிய தோழர் கூட்டம் மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே மறைவதைப் பாட்டுக்கு வெளியே காண விரும்புவோர் மலேசியத் தோட்டத் தமிழரின் வரலாற்றைப் பார்க்கலாம்.

அவ்வரலாற்றில் முதுமை என்பதே காலந்தாழ்ந்து வந்தது. பேராக்கின் லாருட் பகுதியிலுள்ள கமுந்திங் முதலில் ஈயச் சுரங்க ஊர். கிளியான் பாரு, அதாவது 'புதிய சுரங்கம்', என்பது அதன் பழம்பெயர். சீனக் குழுக்களின் போர் 1874-இல் பங்கோர் உடன்படிக்கையோடு அடங்கியது. 1885-இல் மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. பின்னர் ரப்பர் வந்தது. பால்வெட்டத் தமிழர் வந்தனர். 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி அமைந்தது. தோட்ட முதலாளிகள் அதற்கு வரி செலுத்தினர். ஆட்களைக் கொணரும் கப்பற்கூலி அந்நிதியிலிருந்தே கொடுக்கப்பட்டது. நோயாலும் மூப்பாலும் உழைக்க இயலாதாரைத் திருப்பி அனுப்பவும் அதுவே பயன்பட்டது. வலிமையோடு வந்தவன் வலிமை தீர்ந்ததும் போய்விட வேண்டும் என்பதே அவ்வேற்பாட்டின் உட்கிடை. 1930 முதல் வீசிய பொருளாதார மந்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டனர். லயங்களில் கிழவர் கிழவியர் அருகியிருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை விதித்தது. பின்னர்ப் போரும் சயாம் மரண இரயில்பாதையும் எண்ணற்றோரைக் கொண்டன. எஞ்சியோர் இங்கேயே மணந்து, பிள்ளை பெற்று, மூப்பெய்தினர். தோட்டத்தில் பாட்டன் பாட்டி என்னும் தலைமுறை உருவானது இவ்வாறுதான்.

அந்த லயத்து முதுமையைப் பொற்காலமாகப் பாடுவது பிழை. வீடு தோட்டத்துக்குரியது, குடும்பத்தில் ஒருவர் வேலை செய்யும்வரைதான் அதில் குடியிருக்கலாம். ஊழியர் சேமநிதி 1951-இல் வந்ததாயினும், குறைந்த கூலிக்காரருக்குச் சேர்ந்த தொகையும் குறைவே. கள்ளுக்கடை கெடுத்த குடும்பங்களும் பல. எனினும், விடியுமுன் பெரட்டுக்கு மகனும் மருமகளும் போனபின் பாட்டி வீட்டில் சும்மா இருந்ததில்லை. பேரப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடுவாள், விறகு பொறுக்குவாள், லயத்தின் பின்புறக் கீரைப் பாத்திக்கு நீர் சுமப்பாள், ஆட்டை ஓட்டிக்கொண்டு போவாள். தண்ணீர்க் குழாயடியில் நான்கு பேரோடு பேச்சும் சண்டையும் உண்டு. ஒருநாள் அவள் வராவிடில், அடுத்த வாசலிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். இதனை எவரும் உடற்பயிற்சி என்றோ சமூக உறவு என்றோ அழைத்ததில்லை.

பின்னர்த் தோட்டங்கள் சிதறின. 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. 1969-இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததும் பல்லாயிரவர் மறுபடியும் கப்பலேறினர். அடுத்து வந்த ஆண்டுகளில் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. பழைய குடிநுழைவு நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகப் பெயர் மாறி, 1999-இல் கலைக்கப்பட்டது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போயினர். பாட்டி வரிசை வீட்டின் இரும்புக் கதவுக்குப் பின்னே தங்கினாள். வீடு முன்னதினும் நன்று; குழாய் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. குழாயடிக்கு நடக்கும் நடையும் அங்குள்ள பேச்சும் அதனோடே போயின.

மருத்துவர் இந்நிலைக்கு நலிவு என்று பெயரிட்டு, அளந்தும் காட்டியுள்ளனர். 2001-இல் அமெரிக்க அறிஞர் லிண்டா ஃபிரைடும் அவர்தம் குழுவினரும் ஐந்து குறிகளை வகுத்தனர்: தானே எடை குறைதல், களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், உடலியக்கம் குறைதல். இவற்றுள் மூன்று இருப்பின் நலிவு என்பர். இயங்காத தசை மெலிகிறது. மெலிந்தவர் வெளியே செல்ல அஞ்சுகிறார். செல்லாதவருக்குப் பேச ஆளில்லை. தனித்து உண்பவருக்கு உணவு இறங்குவதில்லை. அதனால் மேலும் மெலிகிறார். இச்சுழலில் தொடக்கம் எது என்று சொல்வது எளிதன்று. வயதாகிவிட்டது என்று வீட்டார் கூறும் அமைதியோ பாதி உண்மையே.

இச்சுழல் மீளக்கூடியது என்பதற்குச் சான்றுண்டு. 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 70 முதல் 89 வயதுடைய 1,635 பேர் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் நலவுரை கேட்டனர். மற்றவர் முறைப்படி நடையும் தசைப் பயிற்சியும் மேற்கொண்டனர். 400 மீட்டர் நடக்க இயலாதார் பயிற்சிப் பிரிவில் குறைவாகவே இருந்தனர். அப்பயிற்சி வீட்டோடு முடியவில்லை. வாரம் இருமுறை நிலையத்துக்கும் வரச்செய்தனர் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும்.

ஈயம் தோண்டிய பழங்குழிகள்தாம் 1880-இல் தைப்பிங் ஏரிப் பூங்காவாகத் தொடங்கின. மழைமர நிழலில் அங்கே காலைதோறும் முதியோர் பலர் நடப்பர். கமுந்திங்கிலிருந்து சில கல் தொலைவே. வீட்டில் மோட்டார்ச் சைக்கிள் இரண்டு இருக்கும். விடிவதற்குள் இரண்டும் வேலைக்குப் போய்விடும்.